தீயணைப்பு வண்டி கடல் தாண்டி வராது

(நயினாதீவுக்கு மீளத் திரும்பிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமற்போனவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



காணி உறுதி, வீட்டுத்திட்டம், பாடசாலை அனுமதி பற்றியெல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது நெருப்பைப் பற்றி. போன கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போகும்போது ஓர் அம்மா என்னை மறித்து, "தம்பி, முகாமில் இருக்கும்போது நெருப்புப் பிடித்தால் 101க்கு அடிக்கச் சொல்லித் தந்தவை. இங்கே யாருக்கு அடிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்று வந்திருக்கிறேன்.

இலக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அங்கேயுள்ள இலக்கங்கள்தான் மனப்பாடம். இங்கே அவை வேறு. தீயணைப்புக்கு அங்கே 101, இங்கே 110. அம்புலன்ஸுக்கு அங்கே 108, இங்கே 1990. பொலிஸுக்கு அங்கே 100, இங்கே 119. வெள்ளம், புயல் போன்ற அனர்த்தங்களுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. யாழ்ப்பாணம் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்கு நேரடித் தொலைபேசி உண்டு. அந்த இலக்கத்தையும் தீவிலுள்ள வைத்தியசாலையின் இலக்கத்தையும் உங்கள் கிராம அலுவலரிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். நெருப்புக்குள்ளே தொலைபேசியும் அகப்பட்டுவிடலாம்.

இனி, அந்த அம்மாவுக்கு அன்று சொல்ல முடியாத பதில். 110க்கு அடித்தாலும் தீயணைப்பு வண்டி உங்கள் வளவுக்கு வராது.

ஏன் வராது

இது யாருடைய குற்றமும் இல்லை. வண்டி யாழ்ப்பாணத்தில் நிற்கிறது. அங்கிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு வந்து, வேலணையிலிருந்து தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கு ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறை வரை 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவர வேண்டும். அதற்கப்பால் கடல். படகில் நீங்கள் கால்மணித்தியாலத்தில் வந்து இறங்கிவிடுவீர்கள். ஆனால் பல ஆயிரம் லீற்றர் தண்ணீர் சுமக்கும் வண்டியை அந்தப் படகில் ஏற்ற முடியாது.

ஒரு கிடுகுக் கொட்டில் எவ்வளவு நேரத்தில் எரியும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூரையில் நெருப்புப் பிடித்துவிட்டால் சில நிமிடங்களில் கை மரங்கள் விழத் தொடங்கிவிடும். வண்டி பறந்து வந்து குறிகட்டுவானில் நிற்கும் நேரத்துக்கு இங்கே சாம்பல்தான் இருக்கும்.

கிளிநொச்சியை நினைத்துப் பாருங்கள். 2009க்குப் பிறகு சனங்கள் திரும்பி வந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பட்டினத்தைக் கட்டி எழுப்பினார்கள். கடன் எடுத்துக் கடை போட்டார்கள். 2016 செப்டெம்பரில் அங்கேயுள்ள பொதுச்சந்தை ஓர் இரவில் தீப்பிடித்தது. அந்த நேரம் கிளிநொச்சியில் தீயணைப்புச் சேவை இருக்கவில்லை. வண்டி வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. விடிந்தபோது வரிசை வரிசையாகக் கடைகள் கரிந்து கிடந்தன. இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் இழந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் ஒரு தீயணைப்புப் பிரிவு உருவானது. ஊர் வளர்ந்த வேகத்துக்குத் தீயணைப்பு வளரவில்லை. ஒரு சந்தை எரிந்த பிறகே அது வந்து சேர்ந்தது.

நயினாதீவும் வளர்கிறது. பற்றை பிடித்துக் கிடந்த வளவுகளில் அடுப்பு எரிகிறது. ஆனித் திருவிழாவுக்கும் போயா நாட்களுக்கும் ஆயிரக்கணக்கில் சனம் வந்து இறங்குகிறது. இந்தத் தீவின் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர். ஆகவே முதல் தீயணைப்புப் படை உங்கள் பக்கத்து வளவுக்காரர்தான். அவருக்கு நீங்கள்தான்.

வீட்டுக்குள்ளே: விளக்கு, அடுப்பு, வயர்

நான் சின்னப் பெடியனாக இருந்தபோது இடம்பெயர்ந்து ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். இரவில் குப்பி விளக்குத்தான். என் பெரியம்மா குழந்தைக்குப் பால் கரைக்க எழும்பினபோது சேலைத் தலைப்புப் பட்டு விளக்குச் சரிந்தது. மண்ணெண்ணெய் பாயில் ஓடியது. நெருப்பை அணைத்துவிட்டோம். ஆனால் அவருடைய காலில் யாரோ பற்பசையை அப்பிவிட்டார்கள், யாரோ தேங்காயெண்ணெய் பூசினார்கள். வைத்தியசாலையில் அதையெல்லாம் சுரண்டி எடுத்த வேதனையைத்தான் அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நெருப்புச் சுட்டதை அவர் அவ்வளவு சொன்னதில்லை.

குப்பி விளக்கு ஏன் ஆபத்து? வெறும் போத்தல், அதன் வாயில் இறுக்கமில்லாமல் செருகிய தகரத் திரிக்குழாய். சரிந்தால் உருளும், உருண்டால் மூடி கழரும், எண்ணெய் கொட்டும், கண்ணாடி உடையும். எரிகாயப்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைப் பார்த்துத்தான் 'சுதீப' என்ற விளக்கை உருவாக்கினார். குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடி. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் சரிந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்குவது, ஆகவே எண்ணெய் கொட்டாது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கிடைக்காவிட்டாலும் அதன் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான போத்தல் வேண்டாம். குட்டையான, அகன்ற அடியுள்ள, மூடி திருகும் போத்தல் எடுங்கள். அதை மண் நிரப்பிய ஒரு தகரத்துக்குள் இறக்கி வையுங்கள். பாயிலோ, நுளம்பு வலைக்குப் பக்கத்திலோ, பிள்ளை கை நீட்டக்கூடிய இடத்திலோ வைக்க வேண்டாம். எரியும் விளக்குக்கு எண்ணெய் விட வேண்டாம். நுளம்புத்திரிக்கும் இதே விதிதான். ஒரு தகரத் தட்டில் வைத்து, படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது குசினி. 2004 ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்தில் ஒரு பாடசாலையில் மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த நெருப்பு ஓலைக்கூரைக்கு ஏறியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. அடுப்பின் பொறி மேலே போகும், மேலே ஓலை இருந்தால் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நிரந்தர வீடு கட்டி முடியும்வரை உங்களில் பலர் கிடுகு, படங்கு, தகரக் கொட்டில்களில் இருக்கிறீர்கள். அடுப்பைப் படுக்கிற கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம். தனியாக, காற்று அடிக்கும் திசைக்கு மறுபக்கம், அதாவது அடுப்புப் பொறி வீட்டை நோக்கிப் போகாத பக்கம் வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே ஓலை வராமல் ஒரு தகரத்தை அடித்துவிடுங்கள். விறகு, காவோலை, பன்னாடை, ஊமல் எல்லாவற்றையும் அடுப்போடு ஒட்டி அடுக்காதீர்கள். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது நெருப்புக்கு நாமே விரித்துக்கொடுக்கும் பாய். சமைத்து முடிந்ததும் கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் படுங்கள்.

தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எண்ணெய் வெடித்துச் சிதறி முகத்தில் அடிக்கும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்து, ஒரு மூடியாலோ, நனைத்து நன்றாகப் பிழிந்த தடித்த துணியாலோ மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். காற்றுக் கிடைக்காவிட்டால் நெருப்பு வாழாது.

எரிவாயு அடுப்புப் பாவிக்கிறவர்கள் 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகள் தொடர்ந்து வந்தன. ஜனாதிபதி குழு நியமித்து விசாரிக்கும் அளவுக்குப் போனது. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு கிடக்கும். மணம் வந்தால் ரெகுலேற்றரை மூடுங்கள், கதவு யன்னலைத் திறவுங்கள், ஆட்களை வெளியே எடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

மின்சாரம். உங்களில் சிலரின் வீடுகள் இருபது முப்பது வருடம் பூட்டிக் கிடந்தவை. உப்புக்காற்று வயரைத் தின்னும், எலி கடிக்கும். சுவர் நல்லாயிருக்கிறது, பல்ப் எரிகிறது என்று நம்பிவிடாதீர்கள். இணைப்பு எடுப்பதற்கு முன் தகுதியான மின்சார வேலையாளைக் கொண்டு வயரிங்கைச் சோதிப்பித்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு பிளக்கில் நான்கு சாமான் செருக வேண்டாம். மின்சாரத்தால் நெருப்புப் பிடித்தால் முதலில் மெயின் சுவிட்சை நிற்பாட்டுங்கள். அதை நிற்பாட்டாமல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதிலும் இங்கேயுள்ள உவர்த் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட அதிகமாக மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் இல்லாத நெருப்புக்கு உவர்த் தண்ணீரும் கடல் தண்ணீரும் தாராளமாகப் பாவிக்கலாம். குடிதண்ணீர் வீணாகும் என்று யாரும் கை மடக்க வேண்டியதில்லை.

வளவில்: வேலி, காற்று, பற்றை

தீவுப்பகுதி ஆட்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வெளியூரிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சித்திரை கழிந்தால் சோளகம் எழும்பும். மாதக்கணக்கில் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். மழையும் இல்லை. ஓலை வேலி காய்ந்து முறுகி நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு வளவில் பிடித்த நெருப்புக்கு வேலிதான் திரி. ஒழுங்கை நீளத்துக்கு ஓடிப்போய் நாலாவது வீட்டின் குசினியில் ஏறும்.

மூன்று வேலை செய்யலாம். வேலி கொட்டிலோடு முட்டாமல் இரண்டு பாகமாவது இடைவெளி விடுங்கள். பனையில் தொங்கும் காவோலையை வீட்டுக்குப் பக்கத்து மரங்களிலாவது சோளகத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். ஒழுங்கையில் நாலைந்து வீட்டுக்கு ஓர் இடத்தில் வேலியில் ஓலை இல்லாமல், கம்பியோ முள்ளுமுருக்கோ கிளுவையோ மட்டும் நிற்கும் ஒரு துண்டு விடுங்கள். நெருப்பு அந்த இடத்தில் நிற்கும். இது அயலவர்கள் கூடிப் பேசிச் செய்ய வேண்டியது. எல்லைச் சண்டை இருக்கும் இடங்களில்கூட இதற்காக ஒரு நாள் பேசலாம்.

நெருப்பு வேலியில் ஓடத் தொடங்கிவிட்டால் அதன் பின்னால் துரத்த வேண்டாம். முன்னால் போய், காற்றுப் போகிற பக்கம், பத்துப் பாகத்துக்கு அப்பால் வேலிக் கட்டை அறுத்து ஓலையை உள்ளே இழுத்துப் போடுங்கள். அடுத்த வீட்டுக் கூரையை முன்கூட்டியே நனையுங்கள். எரிகிற வீட்டில் மனிதர் இல்லை என்றால், அந்த வீட்டைவிட அடுத்த வீட்டைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் அப்படித்தான் ஒரு ஒழுங்கை தப்பும்.

பற்றை வெட்டிக் காணி துப்புரவு செய்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். நெருப்பு வைத்துத் துப்புரவு செய்யாதீர்கள். காற்று ஒரு காரணம். மற்றக் காரணம் யுத்தம். நீண்ட காலம் ஆட்கள் இல்லாமல் கிடந்த காணியில் வெடிக்காத பொருள் எதுவும் கிடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சூடு பட்டால் அது வெடிக்கும். துருப்பிடித்த இரும்பு, உருண்டை, குழாய் போல எதையாவது கண்டால் தொடாமல், தூக்காமல், எறியாமல், வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் தினமும் சொல்லுங்கள்.

அதே பற்றைக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கும். கட்டு இடிந்த பாழ் கிணறு. பிள்ளைகளுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் காணியில் இருந்தால் முதலில் வேலி அடையுங்கள் அல்லது மூடுங்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலே குதிக்காதீர்கள். பாவிக்காத கிணற்றின் அடியில் காற்று நஞ்சாக இருக்கலாம். ஒருவரை எடுக்க இறங்கி இரண்டு மூன்று பேர் இறந்த கதைகள் எங்கள் நாட்டிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. கயிறு விடுங்கள், கயிற்றில் வாளியோ ரயரோ கட்டி விடுங்கள், பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆள் கூப்பிடுங்கள். கடலிலும் இதே விதி. நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. வெறும் பிளாஸ்ரிக் கானை இறுக்கி மூடி எறிந்தால்கூட அது ஓர் ஆளை மிதக்க வைக்கும். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்திருக்க வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் பழக்கமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

"கிணறு இருக்கிறதுதானே" என்று சொல்வீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கயிறும் வாளியுமாக ஒருவர் அள்ளினால் 20 செக்கனுக்கு ஒரு வாளி. நிமிடத்துக்கு மூன்று. பத்து லீற்றர் வாளி என்றால் 30 லீற்றர். ஒரு கூரை நெருப்புக்கு அது போதாது. அதுவும் பதற்றத்தில் கயிறு நழுவிவிடும்.

இப்போது கிணற்றடியில் 200 லீற்றர் பரல் ஒன்று நிரம்பி நிற்கிறது என்று வையுங்கள். அது உடனே எடுக்கக்கூடிய 20 வாளி. பரலிலிருந்து வீட்டுவரை ஆட்கள் வரிசையாக நின்று, நிறை வாளியை ஒரு பக்கத்தால் கைமாற்றி, வெறும் வாளியைச் சிறுவர்கள் மற்றப் பக்கத்தால் திருப்பிக் கொடுத்தால், 5 செக்கனுக்கு ஒரு வாளி நெருப்பில் விழும். நிமிடத்துக்கு 120 லீற்றர். முதல் இரண்டு நிமிடத்தில்தான் நெருப்புச் சின்னதாக இருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பரல். அது முடிவதற்குள் கிணற்றில் மூன்று பேர் அள்ளத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே ஒரு பொதுக்கிணற்றுக்கு ஒரு வாளி போதாது, மூன்று கயிறும் மூன்று வாளியும் வேண்டும்.

பரலை இறுக்கி மூடி வையுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு அதில் குடியிருக்கும். பக்கத்தில் இரண்டு சாக்கும் ஒரு மண்வெட்டியும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். நனைத்த சாக்கு, சின்ன நெருப்புக்குத் தண்ணீரைவிட நல்ல ஆயுதம். மண்ணெண்ணெய், பெற்றோல் நெருப்புக்கு மணல்.

எரியும் வீட்டுக்குள் ஆள் இருந்தால்? புகை மேலே நிற்கும், மூச்செடுக்கக்கூடிய காற்று நிலத்தோடு இருக்கும். தவழ்ந்து வெளியே வரப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். உடுப்பில் பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டு இன்னும் எரியும். நின்று, விழுந்து, உருள வேண்டும். மற்றவர்கள் தடித்த பருத்திப் போர்வையால் மூட வேண்டும். வெளியே வந்தவர்களை எண்ணுங்கள். அதற்கு ஒவ்வொரு குடும்பமும் ஓர் இடம் குறித்துவையுங்கள். "நெருப்பென்றால் எல்லோரும் ஒழுங்கை முகப்பு வேம்பின் கீழே" என்று. எண்ணிக்கை சரியென்றால் யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

உள்ளே போகத் தூண்டுவது எது என்று எனக்குத் தெரியும். உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவுக் கடதாசி. ஒரு கடதாசிக்காக ஐந்து வருடம் அலைந்தவர்கள் நீங்கள். அதற்காகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள், ஒரு பொலித்தீன் உறையில், வாசலுக்குக் கிட்ட வையுங்கள். எல்லாவற்றிலும் பிரதி எடுத்து வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். படம் எடுத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். பிரதி வெளியே இருந்தால் யாரும் கடதாசிக்காக நெருப்புக்குள் போகமாட்டார்கள்.

சுட்டுவிட்டால்

என் பெரியம்மாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. சுட்ட இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, எண்ணெய், நெய், முட்டை, மை எதுவும் வேண்டாம். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடலின் மற்றப் பகுதி குளிராமல் போர்த்தி, தீவிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முகம், கை, பிறப்புறுப்பு, பெரிய பரப்பு, சிறுபிள்ளை, புகை குடித்தவர் என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் கட்டாயம் போக வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் படகு, அக்கரையில் அம்புலன்ஸ், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழுங்கு செய்ய வேண்டும். எந்தப் படகோட்டி இரவில் வருவார், அவருடைய இலக்கம் என்ன என்பதை இன்றே கேட்டுவையுங்கள்.

திருவிழாக் காலம்

நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா ஆனியில் வரும். அதாவது சோளகம் உச்சத்தில் நிற்கும்போது. கற்பூரம், விளக்கு, பந்தல், கடைகள், கிடாரத்தில் சமையல், எல்லாம் ஒரே இடத்தில். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7ஆம் திகதி யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தபோது 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நெருப்போடு நெரிசலும் சேர்ந்துகொண்டது. பந்தலுக்கு இரண்டு வழி வேண்டும், இரண்டும் திறந்திருக்க வேண்டும். கடை போடுகிற தம்பிமார் அடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீரும் மணலும் வையுங்கள். நெருப்பென்று கண்டால் ஓடச் சொல்லிக் கத்த வேண்டாம். ஒலிபெருக்கியில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். விகாரைக்கு வருகிற யாத்திரிகர்களும் அதே இறங்குதுறையால்தான் போக வேண்டும்.

நாங்களே ஒரு குழு

ஜேர்மனியில் உங்களுக்கு உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே பெருநகரங்களுக்கு வெளியே தீயணைக்கிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. தச்சர், ஆசிரியர், கடைக்காரர். மணி அடித்தால் வேலையை விட்டு ஓடி வருவார்கள். பணக்கார நாட்டிலும் சின்ன ஊர்களை ஊரவர்தான் காக்கிறார்கள்.

எங்களிடமும் அதற்கு இடம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இல் வந்த அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் வழியில் கிராம மட்டத்திலும் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. உங்கள் பிரிவில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். திரும்பி வந்த குடும்பங்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். "நாங்கள் புதிதாக வந்தவர்கள்" என்று ஒதுங்க வேண்டாம். பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் ஆண்கள் கடலுக்குப் போய்விட்டால் ஊரில் நிற்பது நீங்கள்தான்.

பிறகு எல்லோரும் சேர்ந்து வேலணைப் பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய வண்டி கேட்க வேண்டாம். நான்கு பேர் தூக்கக்கூடிய ஒரு இயந்திரப் பம்பி, கடலிலோ கிணற்றிலோ போட்டு இழுக்க. நீளமான குழாய். வருடத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வீரர்கள் வந்து பயிற்சி தர ஒழுங்கு. கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள்.

கடைசியாக, இன்று வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள். இரண்டு, கடதாசிகளைத் தகரப் பெட்டியில் போட்டு வாசலுக்குக் கிட்ட வையுங்கள். மூன்று, பக்கத்து வளவுக்குப் போய், "இரவில் நெருப்பென்று நாங்கள் கூப்பிட்டால் வருவியளோ? நீங்கள் கூப்பிட்டால் நாங்கள் வருவம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். திரும்பி வந்த பிறகு இன்னும் ஒரு வார்த்தை பேசாத அயலவர் இருந்தால், அவரிடமே முதலில் போங்கள்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, 110க்கும் அடியுங்கள். ஆனால் அதற்கு முன் படலையில் நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள்.